ஒரு நெல் திருவிழா ஊருக்கு என்ன தரும்?



நம் குழுக்களில் சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன், கடன் திருப்பம் பற்றி மாதாமாதம் பேசுகிறோம். பணத்தைச் சேமிக்கக் கற்றுக்கொண்டோம். விதையைச் சேமிப்பதைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? நம் பாட்டி காலத்தில் வீட்டுக்கு வீடு விதைக்கோட்டை கட்டி வைத்திருந்தார்கள். அதைக் கட்டியதும், காய வைத்ததும், வண்டு வராமல் காத்ததும் பெண்கள்தான். இன்றைக்கு விதைப்பு வந்தால் கடைக்குப் போகிறோம். கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் நம் வயலில் முளைக்கிறது.

இந்த நிலையை மாற்ற, ஊர் கூடி நடத்தும் விதைத் திருவிழாக்கள் பெரிய உதவியாக இருக்கின்றன. விழா என்றால் பந்தல், மைக்செட், சாப்பாடு, அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒழுங்காக நடத்துகிற ஒரு அமைப்பு இருந்தால், ஒரு வேளாண் திருவிழா ஊர் ஒற்றுமைக்கும், வருமானத்துக்கும், மண்ணுக்கும் நன்மை செய்யும். எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. ஆதிரெங்கத்தில் நடந்தது

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஆதிரெங்கம் என்று ஒரு கிராமம். அங்கே கிரியேட் அமைப்பும் 'நமது நெல்லைக் காப்போம்' இயக்கமும் சேர்ந்து கோடைக்காலத்தில் நெல் திருவிழா நடத்தி வந்தார்கள். அதற்கு முன்னின்று உழைத்தவர் நெல் ஜெயராமன். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஐயா காட்டிய வழியில் அவர் ஊர் ஊராக அலைந்து, ஏறக்குறைய 170 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரிலும், ஜெயராமன் 2018 டிசம்பரிலும் காலமானார்கள். அவர்களுக்குப் பிறகும் திருவிழா தொடர்ந்து நடந்திருக்கிறது.

அந்தத் திருவிழாவின் உயிர்நாடி ஒரே ஒரு விதிதான். விழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதை நெல் கொடுப்பார்கள். பணம் கிடையாது. அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ வேறு இரண்டு பேருக்குப் போகும்.

நமக்கு இது புரியாத கணக்கா? உள்கடன் கொடுத்து வட்டியோடு வாங்கி, அதையே அடுத்த உறுப்பினருக்குக் கொடுக்கிறோம் அல்லவா, அதே கணக்குதான். முதல் வருடம் 10 பேர், அடுத்த வருடம் 20 பேர், அதற்கு அடுத்த வருடம் 40 பேர். சிறு துளி பெருவெள்ளம் என்பார்களே, அது விதைக்கும் பொருந்தும்.

"2 கிலோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்கலாம். ஒற்றை நாற்று முறையில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை போதும். அப்படியானால் 2 கிலோவில் அரை ஏக்கருக்கு மேலேயே நடலாம். அடுத்த வருடத்துக்கு வேண்டிய விதை அதிலேயே வந்துவிடும்.

2. விழாவை நடத்திய பெண்கள் சங்கம்

இன்னொரு உதாரணம் தெலங்கானாவில் இருக்கிறது. ஜஹீராபாத் பகுதி வானம் பார்த்த பூமி. அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பில் கிராமத்துக்குக் கிராமம் பெண்கள் சங்கம் இருக்கிறது. பெரும்பாலும் தலித் பெண்கள். கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள். நம்மைப் போன்றவர்கள்தான்.

20 வருடங்களுக்கும் மேலாக, பொங்கல் சமயத்தில் இவர்கள் ஒரு விதை யாத்திரை நடத்தி வருகிறார்கள். மாட்டுவண்டிகளைச் சோடித்து, சோளம், கம்பு, தினை, சாமை, துவரை என்று கூடை கூடையாக விதைகளை அடுக்கிக்கொண்டு, சுமார் ஒரு மாதம் ஊர் ஊராகப் போகிறார்கள். விழாவுக்கு ஜனங்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், விழாவே ஜனங்களிடம் போகிறது. ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் பாட்டுப் பாடி வண்டியை வரவேற்பார்கள். பிறகு உட்கார்ந்து, இந்த வருடம் மழை எப்படி, எந்தப் பயிர் தாக்குப்பிடித்தது, எது கைவிட்டது என்று பேசுவார்கள்.

இந்தச் சங்கங்கள் தங்கள் ஊரிலேயே விதை வங்கி வைத்திருக்கின்றன. தரிசாகக் கிடந்த நிலங்களைப் பண்படுத்திச் சோளம் விளைவித்து, அதில் ஒரு பங்கைத் தானிய நிதியாகச் சேர்த்து, ஊரில் இல்லாதப்பட்டவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். 2008-ல் சொந்தமாகச் சமுதாய வானொலி தொடங்கினார்கள். அதை நடத்துவதும் அந்தப் பெண்கள்தான். 2019-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வழங்கும் ஈக்குவேட்டர் பரிசு இந்த அமைப்புக்குக் கிடைத்தது. 2023-ஐ உலக சிறுதானிய ஆண்டாக ஊரெல்லாம் கொண்டாடினோம். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே இந்தப் பெண்கள் அந்தத் தானியங்களைக் கைவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

3. ஊருக்கு என்ன நன்மை?

முதல் நன்மை, வயதானவர்களுக்கு மரியாதை. வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை மேடைக்குக் கூப்பிட்டு, "இது என்ன நெல், எந்தப் பட்டத்துக்கு ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தே சொல்வார். வயலில் பாதிக்கு மேல் வேலை செய்தும் பெண்ணை 'விவசாயி' என்று யாரும் சொல்வதில்லை. விதைத் திருவிழாவில் அந்தப் பெயர் நமக்கும் கிடைக்கிறது.

இரண்டாவது நன்மை, கொடுக்கல் வாங்கல் உறவு. ஒரு தெருவில் விளைந்த விதை இன்னொரு தெருவுக்குப் போகிறது. பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள்கூட "உன் விதை நல்லா வந்துச்சு" என்று பேச ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது, பிள்ளைகளின் படிப்பு. சோறு எந்தச் செடியில் வருகிறது என்று தெரியாத பிள்ளைகள் கிராமத்திலேயே வளர்கிறார்கள். வரிசையாக 20 ரக நெல்லை வைத்து, கறுப்பு, சிவப்பு, குண்டு, சன்னம் என்று காட்டினால் ஒரு நாளில் அவர்கள் கற்பது அதிகம்.

4. வருமானத்துக்கு என்ன நன்மை?

விதைச் செலவு குறைகிறது. உரச் செலவும் பூச்சிமருந்துச் செலவும் குறைகின்றன. வைக்கோல் நீளமாகக் கிடைப்பதால் மாட்டுக்குத் தீவனம் ஆகிறது.

திருவிழா நாளில் குழுக்களுக்கு வியாபாரம் கிடைக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா அவல், கறுப்புக் கவுனிப் புட்டு, பூங்கார்க் கஞ்சிமாவு, கைக்குத்தல் அரிசி என்று கடை போடலாம். வாங்குகிறவரை நேரில் பார்த்து, "எந்த ருசி வேணும், எத்தனை கிலோ பை வேணும்?" என்று கேட்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும். தொடர்ந்து விற்க நினைக்கும் குழு, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பையில் குழுவின் பெயர், எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விலை எல்லாம் இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பாரம்பரிய நெல்லில் மகசூல் பெரும்பாலும் புது ரகங்களைவிடக் குறைவு. சிவப்பு, கறுப்பு அரிசி நெல்லை எல்லா இடத்திலும் வாங்க ஆள் இருக்காது. ஆகவே இருக்கிற நிலம் முழுவதையும் ஒரே வருடத்தில் மாற்ற வேண்டாம். முதலில் கால் ஏக்கர், அரை ஏக்கர். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் யார் என்று தெரிந்த பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். "லாபம் கொட்டும்" என்று யாராவது சொன்னால் எழுதி வாங்கிக்கொண்டு நம்புங்கள்.

5. மண்ணுக்கு என்ன நன்மை?

நம் முன்னோர் நிலத்துக்கு ஏற்ற நெல்லைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். தண்ணீர் நிற்கும் பள்ளக்காலுக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று, உவர் நிலத்துக்கு ஒன்று. காட்டுயானம் சுமார் 180 நாள் பயிர். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும். குழியடிச்சான் உப்பு மண்ணைத் தாங்கும். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த வயல்களில் மறுபடி பயிர் ஏற்ற வழி தேடியபோதுதான், உவரைத் தாங்கும் இந்த மாதிரி நெல்லின் அருமை பலருக்கும் தெரிந்தது. அறுபதாம் குறுவை என்ற ரகம் பெயருக்கேற்பக் குறுகிய நாளில் வந்துவிடும்.

எல்லா வயலிலும் ஒரே ரகம் இருந்தால், ஒரு பூச்சி வந்தாலும் எல்லாம் போகும், ஒரு வெள்ளம் வந்தாலும் எல்லாம் போகும். பல ரகம் இருந்தால் ஏதாவது ஒன்று நிற்கும். முழுப் பணத்தையும் ஒரே ஆளுக்குக் கடன் கொடுக்க வேண்டாம் என்று குழுவில் தீர்மானம் போடுகிறோமே, அதே புத்திதான் இதுவும்.

6. நாங்கள் பட்ட பாடு

சில வருடங்களுக்கு முன் நம் கூட்டமைப்பிலும் சின்ன அளவில் ஒரு விதைத் திருவிழா நடத்தினோம். பழைய விவசாயிகளிடம் 30 கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கி, 15 சகோதரிகளுக்கு 2 கிலோ வீதம் கொடுத்தோம். அடுத்த வருடம் 60 கிலோ வந்துவிடும் என்று தீர்மானப் புத்தகத்தில் பெருமையாக எழுதினோம். வந்தது 44 கிலோ. 11 பேர்தான் திருப்பினார்கள்.

மற்ற நாலு பேருக்கு என்ன ஆயிற்று? மூன்று பேர் வழக்கமாகப் புது ரகத்துக்குப் போடுவது போல யூரியா போட்டுவிட்டார்கள். உயரமாக வளரும் நெல்லுக்கு யூரியா கூடினால் தாள் பலம் இல்லாமல் போகும். கார்த்திகை மழையில் மொத்தமும் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. "இந்த நெல்லுக்கு யூரியா போடாதே" என்று ஒரு வார்த்தை விழாவில் நாங்கள் சொல்லவில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை, எங்கள் மேல்தான்.

நாலாவது சகோதரி கூட்டத்துக்கே வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் சந்தாவையும் மகள் கையில் கொடுத்தனுப்பினார். ஊக்குநரும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சொன்னார்: "வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில கெடந்த வாரம்க்கா. வீட்ல ஒரு பிடி அரிசி இல்ல. பிள்ளைங்க மூஞ்சியப் பாத்தேன். அந்த விதைநெல்லத்தான் குத்திப் பொங்கிப்புட்டேன். விதைநெல்லத் தின்னவன்னு ஊரு சொல்லுமேன்னுதான் வரல."

நாலு கிலோ நெல்லுக்காக ஒரு உறுப்பினரை இழக்க இருந்தோம். அந்த வீட்டில் அரிசி இல்லாதது அவருடைய குற்றமா, அடுத்த தெருவில் இருந்தும் தெரிந்துகொள்ளாத எங்கள் குற்றமா? அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டோம். ஒன்று, விதை திருப்ப முடியாதவருக்கு அபராதம் இல்லை, ஒரு வருடம் தவணை. இரண்டு, ஒவ்வொரு உறுப்பினரும் மாதம் ஒரு பிடி அரிசி கொண்டுவந்து குழுவில் சேர்ப்பது. அவசரத்துக்கு யாருக்குத் தேவையோ, கேள்வி கேட்காமல் கொடுப்பது. விதை காக்க வேண்டுமானால் முதலில் வயிறு காக்க வேண்டும் என்பதை அந்தச் சகோதரியிடம்தான் கற்றோம்.

வந்த 44 கிலோவிலும் 6 கிலோ வேறு நெல் கலந்திருந்தது. ஒரே களத்தில் மாற்றி மாற்றி அடித்ததால் வந்த வினை. அதை விதைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, மீதி 38 கிலோவை 19 பேருக்குக் கொடுத்தோம். 15 பேர் புதியவர்கள். மற்ற நாலு பேர் முந்தின வருடம் திருப்ப முடியாத அதே சகோதரிகள். அடுத்த அறுவடையில் அந்த நாலு பேரும் திருப்பினார்கள்.

7. நல்ல விதை எடுப்பது எப்படி?

* வயலின் நடுப்பகுதியில் விதைக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்குங்கள். வரப்போரம் வேண்டாம்.
* பூக்கும் சமயத்திலும், கதிர் முற்றும் சமயத்திலும் வயலில் இறங்கி, உயரத்திலும் நிறத்திலும் மாறித் தெரியும் கலவன் பயிரைப் பிடுங்கிவிடுங்கள்.
* விதைக்கான கட்டைத் தனியாக அடித்து, தனியாகக் காய வையுங்கள். களத்தையும் சாக்கையும் முதலில் உதறிச் சுத்தம் செய்யுங்கள்.
* நன்றாகக் காய வேண்டும். பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கெட்டுப்போகும்.
* நொச்சி இலை, வேப்பிலையை நிழலில் உலர்த்தி விதையோடு போட்டு வைத்தால் வண்டு குறையும்.
* விதைக்கும் முன் உப்புக்கரைசல் சோதனை செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மேலே வந்து ஒரு ரூபாய் அளவு வெளியே தெரியும் வரை கல்லுப்பைக் கரையுங்கள். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும். அதை நீக்கிவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.
* முளைப்புச் சோதனை: 100 நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வையுங்கள். சாக்குக் காயாமல் தண்ணீர் தெளித்து, சில நாள் கழித்துப் பிரித்து எண்ணுங்கள். 80-க்குக் குறையாமல் முளைத்திருந்தால் நல்ல விதை.

8. விதையைக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா?

உண்டு. 2001-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. விவசாயி தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்துகொள்ளலாம், விற்கலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைப் பிராண்ட் பெயர் போட்டு விற்பதுதான் கூடாது. யாராவது "விதையைக் கொடுப்பது சட்டவிரோதம்" என்று பயம்காட்டினால் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு அரசும் நெல் ஜெயராமன் பெயரில் பாரம்பரிய நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கத்தை 2021-ல் அறிவித்தது. இதில் உங்கள் பகுதிக்கு விதை கிடைக்குமா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். குழுவாகப் போய்க் கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

9. நாமும் ஒரு திருவிழா நடத்தலாம்

பெரிய செலவு வேண்டாம். பள்ளி வளாகம் அல்லது கோயில் திடல், ஒரு பந்தல், பாய், கூடைகள் போதும்.

* நாள்: சித்திரை, வைகாசி நல்லது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கிறவர்களுக்கு அதற்கு முன்பே விதை கையில் இருக்க வேண்டும்.
* ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் உள்ள பழைய விதைகளைத் தேடிக் கொண்டுவரட்டும். நெல் மட்டும் வேண்டாம். கத்தரி, அவரை, புடலை, கீரை, கம்பு, கேழ்வரகு எல்லாம் சேரட்டும்.
* ஒவ்வொரு கூடையிலும் அட்டை வையுங்கள்: பெயர், எத்தனை நாள் பயிர், எந்தப் பட்டம், எந்த நிலம், என்ன செய்யக் கூடாது. கடைசி வரி மிக முக்கியம். எங்கள் யூரியாக் கதையை மறக்க வேண்டாம்.
* விதை கொடுப்பதற்கு ஒரு தனிப் பதிவேடு: பெயர், குழு, ரகம், கொடுத்த அளவு, நிலம், திருப்ப வேண்டிய மாதம், திருப்பிய அளவு, கையெழுத்து. கணக்கு இல்லாத விதை வங்கி ஒரு வருடத்தில் காலியாகும்.
* நாற்று விடும் சமயத்திலும், கதிர் வந்ததும் இரண்டு பேர் கொண்ட குழு வயலைப் போய்ப் பார்க்க வேண்டும்.
* வேளாண்மை உதவி அலுவலரையும், வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் அழையுங்கள். ஆனால் மேடையில் முதல் பேச்சு விதை காத்த பாட்டிக்கு.
* பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். எவர்சில்வர் டம்ளரும் வாழையிலையும் போதும். மண்ணைக் காக்கும் விழா மண்ணைக் கெடுக்கக் கூடாது.

நிலம் இல்லாத சகோதரிகள் "எங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்கலாம். வீட்டுக் கொல்லையில், சாக்குப்பையில் நாலு அவரைக் கொடி, இரண்டு கத்தரிச் செடி வளர்த்தால் அதுவும் விதைதான். அவர்களையும் பதிவேட்டில் எழுதுங்கள். அவல் இடிப்பது, மாவு அரைப்பது, கடை நடத்துவதில் முதல் வாய்ப்பு அவர்களுக்குக் கொடுங்கள்.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. நம் ஊரில் 20 வருடம் முன்பு என்னென்ன நெல் விளைந்தது? யாருக்குத் தெரியும்?
2. இப்போது யார் வீட்டிலாவது பழைய விதை இருக்கிறதா?
3. விதை வாங்கியவர் திருப்ப முடியாமல் போனால் நம் குழு என்ன செய்யும்? முன்கூட்டியே தீர்மானம் எழுதுவோமா?
4. நம் குழுவில் இந்த மாதம் யார் வீட்டில் அரிசிக்குக் கஷ்டம்? நமக்குத் தெரியுமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி விதை கொண்டுவாருங்கள். எந்த விதையானாலும் சரி. பாயில் பரப்பி வைத்து அதைச் சுற்றி உட்கார்ந்து பேசுங்கள். நம் ஊர்த் திருவிழா அந்தப் பாயில்தான் தொடங்கும்.

பணத்தைச் சேர்த்தோம், கடனிலிருந்து மீண்டோம். விதையையும் சேர்ப்போம்!